ஆவி வந்தாரா, வந்ததா? - எல்லைத் தமிழரின் கிறித்தவச் சொற்கள் பற்றி ஒரு நோக்கு

திரித்துவம், இரட்சிப்பு ஆகிய இரண்டும் கிறித்தவக் கொள்கையின் இரு தூண்கள். இவற்றைப் பற்றிய இறையியல் நூல்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. ஆனால் இந்தக் கொள்கைகளைத் தமிழில் சொல்லப் புகுந்தவர்கள் எந்தச் சொல்லை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எடுத்த சொல் தமிழ் இலக்கணத்தோடு எங்கே முட்டிக்கொண்டது என்பதை நாம் வீட்டில் உட்கார்ந்து பேசுவதில்லை. நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறோம். ஆகவே எந்தச் சபையின் போதனை சரி என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலை அல்ல. சொல் சரியா என்பது ஒன்றே ஈண்டு நம் வழக்கு.

இந்த வழக்கை நம் எல்லைப் பகுதியில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, ஒழலப்பதி பக்கமும், இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களிலும் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. மூணாறு கார்மல் மாதா ஆலயம் 1898-இல் தொடங்கியது. அதே ஊரின் சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயம் 1911-இல் எழுந்தது. பாலக்காட்டுப் பகுதி இலத்தீன் கத்தோலிக்கருக்காக, கோழிக்கோடு, கோயம்புத்தூர் மறைமாவட்டங்களிலிருந்து பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013 டிசம்பரில் அமைக்கப்பட்டது. வீட்டு ஜெபம் தமிழில். பள்ளிக்கூடம் பெரும்பாலும் மலையாளத்தில். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைதான், "மூணு சாமியா, ஒரு சாமியா?" என்று கேட்கிறது. "அதெல்லாம் கேக்கக் கூடாது, நம்பணும்" என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிடுகிறோம். கேள்வி நல்ல கேள்வி. அதில் பாதி இறையியல், மீதிப் பாதி இலக்கணம். இலக்கணப் பாதிக்காவது நாம் பதில் சொல்லலாம்.

முதலில் வரலாறு கொஞ்சம். இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம். அடுத்த ஆண்டே 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது. இரண்டும் போர்த்துக்கீசியரான அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறைப் பரதவர்க்காகச் செய்தவை. இரண்டு ஊரும் இன்று கேரளத்தில் இருக்கின்றன என்பதை, "இங்கே தமிழுக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்க்கு நாம் ஞாபகப்படுத்தலாம். (அப்படிக் கேட்பவர் இன்றும் உண்டு.)

அந்தக் காலத்தார் ஒரு தந்திரம் செய்தார்கள். கடவுளுக்குத் 'தம்பிரான்' என்ற தமிழ்ச் சொல்லை எடுத்தார்கள். திரித்துவத்தில் மூன்றாமவர்க்கு மட்டும் தமிழ்ச் சொல்லைத் தேடாமல், போர்த்துக்கீசிய ஒலியையே 'இஸ்பிரித்து சாந்து' என்று வைத்துக்கொண்டார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் இந்தச் சொல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் ஒலித்தது. நம் பாட்டிமார் 'பிதா, சுதன், இஸ்பிரித்து சாந்து' என்று சொல்லித்தான் நெற்றியில் சிலுவை போட்டார்கள். கேரளத்துச் சுரியானிக் கிறித்தவரும் இதையேதான் செய்தார்கள். அவர்களுடைய பழைய வழக்கில் 'பாவா, புத்ரன், ரூஹாதக்குதசா.' ரூஹாதக்குதசா என்பது சுரியானி மொழிச் சொல். ஆக இரு சாராரும் மூன்றாம் பெயரை மொழிபெயர்க்காமல் விட்டார்கள். இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. மொழிபெயர்த்தால் வரும் வில்லங்கம், அவர்கள் அறிந்தோ அறியாமலோ, தள்ளிப்போடப்பட்டது என்பதுதான் என் எண்ணம்.

வில்லங்கம் என்ன? 'ஆவி' என்ற சொல்தான்.

தமிழில் ஆவி என்றால் உயிர், மூச்சு. இட்டிலிக் கொப்பரையில் எழும்புவதும் ஆவி. செத்தவர் வந்து பிடித்துக்கொண்டால் அதுவும் ஆவி. இவை எல்லாமே அஃறிணை. 'ஆவி வந்தது' என்றுதான் தமிழ் வாய் சொல்லும். பேச்சில் 'ஆவி வந்துச்சு.' ஆனால் கிறித்தவக் கொள்கைப்படி மூன்றாமவர் ஒரு சக்தி அல்ல, ஆள். 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம், 325-இன் நிக்கேயா அறிக்கையை விரித்து, தூய ஆவி தந்தையோடும் மகனோடும் சேர்த்து வணங்கப்படுபவர் என்று எழுதிவைத்தது. அப்படியானால் 'வந்தது' என்று சொல்லும்போதே கொள்கை ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது.

"கிரேக்கத்திலும் ஆவியைக் குறிக்கும் 'நியூமா' அலிப்பால்தானே, அங்கே ஒன்றும் குடி முழுகவில்லையே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த 381 அறிக்கையே கிரேக்க மூலத்தில் ஆவியை அலிப்பாலில்தான் பேசுகிறது. சுரியானியில் 'ரூஹா' பெண்பால்; பழைய சுரியானி ஆசிரியர்கள் ஆவியைப் பெண்பாலாகவே எழுதினார்கள், பின்னர் வந்தோர்தான் ஆண்பாலுக்கு மாறினார்கள். இலத்தீனில் 'ஸ்பிரித்துஸ்' ஆண்பால். ஆனால் இம்மொழிகளில் பால் என்பது பெரும்பாலும் சொல்லின் மேல் ஒட்டிய முத்திரை. பொருளோடு அதற்கு அதிக உறவில்லை. தமிழ்த் திணை அப்படி அல்ல. அது பொருளைப் பார்த்து வருவது. நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தார். நரகருக்குக் கிடைத்த மரியாதை பரிசுத்த ஆவிக்குக் கிடைக்காமல் போனால் எப்படி?

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஒரு பட்டியல் தருகிறார். காலம், உலகம், உயிர், ஞாயிறு, திங்கள், சொல் முதலியவை உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் என்கிறார். 'உயிர்' பட்டியலில் இருக்கிறது. அதன் உறவுச் சொல்லான 'ஆவி'க்கும் அந்தச் சலுகையை நீட்டலாம் என்று ஒருவர் வாதாடினால் மறுப்பது கடினம். 'சொல்' என்பதும் அதில் உண்டு என்பதைக் கவனியுங்கள். யோவான் நற்செய்தியின் முதல் வசனம் மகனைச் 'சொல்' என்றே அறிமுகம் செய்கிறது. அங்கே பழைய திருப்புதல் 'வார்த்தை' என்றது, 1995-இன் திருவிவிலியம் 'வாக்கு' என்றது. இரண்டும் அஃறிணை வினைமுற்றையே கொடுத்தன. மகனுடைய தெய்வத்தன்மையைச் சொல்லும் அதே வசனத்தில் '-து' என்ற விகுதி! அதனால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆயினும் படித்தவர்க்குச் சரி, வாய்ப்பேச்சுக்கு இந்த வாதம் உதவாது. தொல்காப்பியத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் ஜெபம் பண்ணுவதில்லை. எனவே சீர்திருத்தச் சபையார் 'ஆவியானவர்' என்று ஆக்கிக்கொண்டார்கள். கத்தோலிக்கர் பிற்பாடு 'தூய ஆவியார்' என்றார்கள். இரண்டில் எது மேல்? 'ஆவியார்' என்பதில் ஔவையார், நக்கீரனார் என்னும் பழைய தமிழ் மணம் இருக்கிறது, சொல்லும் சுருக்கம். ஆனாலும் என் ஓட்டு 'ஆவியானவர்' பக்கம். ஆவியை ஆவியாகவே வைத்துக்கொண்டு, அவர் ஓர் ஆள் என்பதைத் தனியாகச் சொல்லிவிடுகிறது அச்சொல். பேச்சிலும் 'ஆவியானவரு வந்தாரு' என்று தடையில்லாமல் வரும்.

இப்போது மலையாளத்துக்கு வருவோம். மலையாளத்தில் 'பரிசுத்தாத்மாவு' என்பார்கள். அங்கே இந்தத் தகராறு வினைச்சொல்லில் எழவே எழாது. 'அச்சன் வந்நு', 'அம்ம வந்நு', 'மழ வந்நு' - எல்லாவற்றுக்கும் ஒரே வினைமுற்று. திணை, பால், எண் காட்டும் விகுதியை அம்மொழி உதிர்த்துவிட்டது. அது அம்மொழியின் குறை அல்ல. அதன் வழி அது. ஆனால் மறைக்கல்வியை மலையாளத்தில் படித்துவிட்டுத் தமிழில் ஜெபிக்க வரும் நம் பிள்ளைக்கு, '-ஆர்' போடுவதா '-து' போடுவதா என்று முடிவு செய்யவேண்டிய பழக்கம் அந்தப் பாடத்தில் கிடைப்பதில்லை. தமிழுக்குத் திரும்பும்போது 'ஆவி வந்துச்சு' என்கிறது. பிள்ளை தப்பாக நம்புகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆளை ஆளாகச் சொல்லும் தமிழின் கூர்மை அந்த வாயில் மழுங்கிவிட்டது.

இதைவிட மோசம் சில வகுப்புகளில் சொல்லும் தண்ணீர் உவமை: பனிக்கட்டி, தண்ணீர், நீராவி மூன்றும் ஒன்றே, திரித்துவமும் அப்படியே என்பது. ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்றாகிறது. மூன்றாம் நூற்றாண்டில் சபேலியுஸ் பெயரோடு சேர்த்துச் சபை தள்ளிய கருத்து இது. தமிழில் கூடுதல் ஆபத்து, நீராவியும் ஆவி, தூய ஆவியும் ஆவி! மும்மூர்த்தி உவமையும் பொருந்தாது. படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழில் பிரித்துக்கொண்ட மூவரைப் பற்றிய எண்ணம் வேறு, இது வேறு.

மூன்று, ஒன்று என்ற எண்ணுக்கு வருவோம். 'திரித்துவம்' என்ற சொல் வேதத்தில் இல்லையே என்று சிலர் மடக்குவார்கள். இல்லைதான். அதன் இலத்தீன் மூலமான 'திரினித்தாஸ்' மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் எழுத்தில் புழங்கும் சொல். வடமொழி வழியில் 'திரித்துவம்' என்றால் மூன்றாயிருத்தல், அவ்வளவே. ஒருமை அதில் ஒலிக்கவில்லை. 'திரியேகம்' அதைச் சேர்த்தது. 'மூவொரு கடவுள்' என்ற இன்றைய கத்தோலிக்க வழக்கு எல்லாவற்றிலும் அழகு. மூ, ஒரு என்ற இரண்டு எண்ணும் நேரே நிற்கின்றன. 'மூவர்' என்ற ஒலியும் கூடவே கேட்கிறது. பழைய ஞானோபதேசத்தில் 'மூன்று ஆட்கள்' என்பார்கள். தோட்டத்தில் 'இன்னைக்கு எத்தனை ஆள்?' என்று கணக்குக் கேட்டே பழகிய காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தமிழில் 'ஒருவர்' என்பதே பன்மை முடிபு கொள்ளும் சொல். தொல்காப்பியம் பெயரியலில் இதைச் சொல்கிறது. 'தேவன் சொன்னார்' என்ற பழைய வேதநடையிலும் பெயர் '-அன்', வினை '-ஆர்'. இதைக் காட்டித் தமிழிலேயே திரித்துவம் இருக்கிறது என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது மரியாதைப் பன்மை. வாத்தியாருக்கும் வக்கீலுக்கும் அதே '-ஆர்'தான்.

இரட்சிப்புக்கு வருவோம். ரட்ச என்ற வடமொழி வேர். காத்தல் என்பது பொருள். மலையாளத்தாரும் 'ரட்ச' என்றே சொல்வதால் நம் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரிகிறது. 'மீட்பு' வேறு படம் காட்டுகிறது. அடகு வைத்த நகையை மீட்பதுபோல, விலை கொடுத்துத் திரும்பக் கொண்டுவருதல். கங்காணியிடம் முன்பணம் வாங்கி மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க உரையாசிரியர் வேண்டாம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் இவை இரண்டு சொற்கள்: காப்பு, விடுதலை என்னும் பொருளில் 'சொத்தேரியா'; மீட்கும் விலையை உள்ளடக்கி 'அப்போலூத்ரோசிஸ்'. 1871-இன் ஐக்கியத் திருப்புதல் வழி வந்தவர்கள் முன்னதை இரட்சிப்பு என்றும் பின்னதை மீட்பு என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். இன்றைய கத்தோலிக்க வழக்கில் 'மீட்பு' ஒன்றே பெரும்பாலும் இரண்டையும் சுமக்கிறது. தனித்தமிழ் ஆர்வத்தைப் போற்றுகிறேன். ஆனால் இரண்டு சொல் இருந்த இடத்தில் ஒன்றாகிவிட்டது நட்டம்தான். காத்தலும் மீட்டலும் ஒன்றல்ல.

அடுத்தது காலம். பெந்தெகொஸ்தே சபைச் சகோதரர் 'நான் இரட்சிக்கப்பட்டேன்' என்று இறந்த காலத்தில், பெரும்பாலும் தேதியோடு, சாட்சி சொல்வார். கத்தோலிக்கப் பாட்டி 'எப்படியாவது கரையேறணும்' என்று எதிர்காலத்தில் பெருமூச்சு விடுவார். (பெண்ணைக் கட்டிக் கொடுப்பதற்கும் பாட்டிக்கு இதே கரையேற்றம்தான்!) லயத்து வாசலில் இவ்விருவரும் பேசிக்கொண்டால் சண்டையில் முடிவதும் உண்டு. ஆனால் பவுலின் கடிதங்களில் இரட்சிப்பு மூன்று காலத்திலும் வருகிறது. உரோமையர் எட்டாம் அதிகாரத்தில் இறந்த காலம், ஐந்தாம் அதிகாரத்தில் எதிர்காலம், முதல் கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் நிகழ்காலம். 'கிறித்தவராகாத தாத்தா மோட்சம் போவாரா?' என்ற கேள்விக்கும் எல்லாச் சபையும் ஒரே பதில் சொல்வதில்லை. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதவரும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964-இல், எழுதிவைத்தது. பிற சபைகள் பலவற்றில் இது இன்றும் வாதம்.

நிகழ்காலத்தைத் தமிழில் பிடித்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் பாளையங்கோட்டை அருகே கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பதால் நமக்கும் கொஞ்சம் சொந்தக்காரர். பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி 1894-இல் வந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' இரட்சிப்பை ஒரு நடையாக, வழிப்பயணமாகக் காட்டுகிறது. முடிந்துபோன சம்பவமும் அல்ல, வெறும் எதிர்பார்ப்பும் அல்ல. கொள்கை விளக்கும் பகுதிகளில் நூல் வறண்டுபோகிறது என்பதை ஒளிக்கவேண்டியதில்லை. வழிப்போக்கன் நடக்கும் இடங்களிலோ கம்பனைக் கரைத்துக் குடித்தவரின் கை தெரிகிறது. போடியிலிருந்து கொட்டகுடி வழியாக மலை ஏறியவர்களின் சந்ததிக்கு இந்த நூல் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது எனக்கு உறுத்தல்.

நம் பங்குகளிலும் சபைகளிலும் பிள்ளைகளுக்கு இருமொழிச் சொற்பட்டியல் போடுகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. 'பரிசுத்தாத்மாவு' என்பதற்கு எதிரே 'தூய ஆவி' என்று பெயரை மட்டும் அச்சிட்டு நிறுத்தாதீர்கள். பக்கத்தில் 'வந்தார், பேசினார், தேற்றினார்' என்று வினைமுற்றையும் சேர்த்துப் போடுங்கள். இரட்சிப்புக்கும் மீட்புக்கும் இரண்டு தனி வரி கொடுங்கள்.