அசையாமல் நிற்கும் வித்தை

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவே கிடக்கும் நீரிணையைப் பார்த்து யாருக்கும் முக்குளிக்கும் ஆசை வராது. பிறை ஆறு கொண்டுவந்து கொட்டும் சேறும் கப்பல்கள் கிளப்பிவிடும் வண்டலும் கலந்து அந்தத் தண்ணீர் எப்போதும் கலங்கலாகவே இருக்கும். சுற்றுலாச் சுவரொட்டியில் வரும் நீலமும் பவளமும் வேண்டுமென்றால் வடக்கே கெடா மாநிலத்தின் பாயார் தீவுக்குத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டு, மடிக்கணினி வேலையை விட ஸ்கூபாவைத் தொழிலாகக் கொள்வது மேல் என்று சொன்னால் வம்புக்கு இழுப்பது போலத்தான் இருக்கும். ஆனால் இந்தத் தொழிலின் அருமை நீல நீரில் இல்லை என்பதுதான் என் கட்சி. அழகான கடலுக்காக முக்குளிப்பைத் தேர்ந்தெடுக்கிறவர் ஒரே பருவத்தில் சலித்துப்போவார். அதிலுள்ள கைவேலைக்காகத் தேர்ந்தெடுக்கிறவர் நிலைப்பார்.

கைவேலை என்றால் என்ன? அடிப்படை எளிய கணக்கு. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகி, உடையிலும் மிதவைச் சட்டையிலும் உள்ள காற்று பாதியாகச் சுருங்கும். இருபது மீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆக, மாற்றம் மிக வேகமாக நடப்பது ஆழத்தில் அல்ல, மேலிருக்கும் முதல் பத்து மீட்டரில். ஆழம்தான் கடினம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். தொழில் தெரிந்தவரைச் சோதிப்பதோ, ஏறும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் அந்தப் பாதுகாப்பு நிறுத்தம். பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லாமல், கையை வீசாமல், துடுப்பை உதைக்காமல் அங்கே ஒருவர் நின்றுவிட்டால் அவரை நம்பலாம். நிற்பது மூச்சால். அரை லிட்டர் காற்றைக் கூடுதலாக உள்ளே இழுத்தால் ஏறத்தாழ அரைக் கிலோ எடைக்கு உடல் மேலே தூக்கப்படும். ஆனால் அது உடனே நடக்காது, ஓரிரு நொடி பிந்தித்தான் தெரியும். கற்றுக்குட்டி அதற்குள் பொறுமை இழந்து இன்னும் இழுப்பார், மேலே போவார், பயந்து எல்லாவற்றையும் விடுவார், கீழே போவார். கைதேர்ந்தவர் அந்த ஓரிரு நொடியை முன்கூட்டியே கணக்கில் வைத்து மூச்சு விடுகிறார். இசைக் கச்சேரியில் எடுப்புக்கு முந்திய இடைவெளியை ரசிக்கத் தெரிந்தவர்கள் இதையும் ரசிக்கலாம்.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சியைச் செய்யும்போது, ஆசிரியரின் கைகளைக் கவனிக்க வேண்டும். ஒரு கை மாணவரின் தோள்பட்டை வாரை லேசாகப் பற்றியிருக்கும். இன்னொரு கை, அவர் வாயிலிருக்கும் ரெகுலேட்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில், தொடாமல் காத்திருக்கும். மாணவர் பதறி அதைத் துப்பினால் அந்தக் கை அதைத் திரும்ப வாயில் அழுத்திவிடும். துப்பாவிட்டால் அந்தக் கை அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது. ஆசிரியர் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணாடியை அல்ல, மாணவரின் கண்களையும் குமிழி வரும் வேகத்தையும். பேச்சில்லாத இடத்தில் ஒருவரின் பயத்தை அது பயமாக வெடிப்பதற்கு முன்பே படித்துவிடுவது சாதாரணத் திறமை இல்லை. கட்டைவிரலை உயர்த்தினால் அங்கே ‘நன்று’ என்று பொருளில்லை, ‘மேலே போவோம்’ என்று பொருள். பழக்கதோஷத்தில் அதைக் காட்டிவிட்டு, தன்னை ஏன் மேலே கூட்டிப்போகிறார்கள் என்று விழிக்கும் மாணவர்களும் உண்டு.

இப்போது எதிர்த்தரப்பு. மலேசியா 2022 அக்டோபரில் டிஇ ரந்தாவ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. தகவல்தொழில்நுட்பத் துறையில் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் சம்பாதிக்கும் வெளிநாட்டவர் இங்கே தங்கிக்கொண்டு தம் ஊர் வேலையைச் செய்யலாம். ஆகவே, மடிக்கணினியில் சம்பாதித்து, வெப்பமண்டலத்தில் வாழ்ந்து, வார இறுதியில் முக்குளித்தால் இரண்டும் கிடைக்குமே என்பது நியாயமான கேள்வி. கிடைக்கும். ஆனால் அந்த ஏற்பாட்டில் கடல் ஒரு திரைச்சீலை. வெயிலில் மடிக்கணினித் திரை தெரியாது என்பதால் வேலை நடப்பதென்னவோ குளிரூட்டிய அறைக்குள்தான். வெளியே இருப்பது பினாங்கா பாலியா என்பது வேலைக்கு ஒரு பொருட்டே இல்லை, அந்த வேலையின் வசதியே அதுதான். முக்குளிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓதம் எப்போது நிற்கும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு வேலையின் மூலப்பொருள். வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளில் கடைகள் சாத்தப்படும். கிழக்குக் கரையில் மார்ச் முதல் அக்டோபர்வரை வேலை பார்த்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சபாவுக்கோ, அக்டோபர் நடுவில் திறக்கும் தாய்லாந்தின் சிமிலான் தீவுகளுக்கோ போவார்கள். அவரும் ஊர் ஊராகத் திரிகிறவர்தான். ஆனால் அவரை நகர்த்துவது விசா அல்ல, காற்று.

இந்த வாதத்துக்கு எதிராக நிறுத்தத்தக்க வலுவான ஆள் ஆர்தர் சி. கிளார்க். எங்கிருந்தும் எழுதித் தபாலில் அனுப்பக்கூடிய தொழில் அவருடையது. 1956இல் முக்குளிப்புக்காகவே இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஆண்டே அவரும் மைக் வில்சனும் திருகோணமலை சுவாமி மலையடியில், போர்த்துக்கீசியர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களை நீருக்கடியில் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்பதற்கு இவர் சாட்சி இல்லையா? ஆம், ஆனால் அவர் வார இறுதி முக்குளிப்பாளராக இருக்கவில்லை. நீருக்கடியில் படமெடுத்தார், அதைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார், முக்குளிப்பு நிறுவனமும் நடத்தினார். எழுத்துமேசை கடலுக்குள் போனதே தவிர, கடல் எழுத்துமேசைக்கு அலங்காரமாகவில்லை. அப்படி வாழ முடிந்தவர் மடிக்கணினியை வைத்துக்கொள்ளட்டும்.

நம்மவர்களுக்கு இந்த வேலையில் மிகப் பழைய உறவு. மன்னார் வளைகுடாவில் காலில் கல்லைக் கட்டி இறங்கிய முத்துக்குளிப்பவர் ஒருவர் என்றால், படகில் கயிற்றைப் பிடித்து அவரை இழுக்க இன்னொருவர். கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பார், தங்கை தாலி அறுக்க விடமாட்டார் என்று சொல்வதுண்டு. துணையில்லாமல் இறங்காதே என்று இன்றைய ஸ்கூபாப் பள்ளிகள் முதல் நாளே சொல்லித்தருவதை அவர்கள் கல்யாண உறவைக் கொண்டே ஏற்பாடு செய்துவிட்டார்கள். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. சங்குகுளிப்பு தொடர்ந்தது, கல்லுக்குப் பதில் படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து நீளும் குழாய் வந்தது. அதனுடன் மூட்டுவலியும் முடக்கமும் வந்தன. நெடுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டு வேகமாக ஏறினால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகப் பிரிந்து அடிக்கும் நோய் அது.

ஆகவே, ஆபத்தான தொழில் என்ற ஆட்சேபத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் சங்குகுளிப்பவரை முடக்கியது கடலல்ல. நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறாதே, ஐந்து மீட்டரில் நில், சிலிண்டரில் 50 பார் மிஞ்சியிருக்கும்போதே மேலே வா என்ற ஒழுங்கு அவருக்கு எட்டாததும், எட்டினாலும் சங்கின் விலை அதைக் கடைப்பிடிக்க விடாததும்தான். ஒழுங்கே கைவேலையாக மாறிவிட்ட தொழிலைத்தான் இங்கே போற்றுகிறேன். தவறு நேர்ந்தால் அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தர லூமுட்டில் இராணுவ மருத்துவமனை இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து காரில் போய்ச்சேரும் தூரம்தான்.

சம்பள ஆட்சேபத்துக்கு இவ்வளவு எளிதான பதில் இல்லை. டைவ்மாஸ்டர் ஆக அறுபது முக்குளிப்பு, ஆசிரியர் ஆக நூறு. அதற்குச் செலவழித்த பணத்தைத் தீவுக் கடைச் சம்பளத்தில் மீட்கப் பல பருவங்கள் ஆகும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அண்ணன் பொறியாளராக இருக்கும் வீட்டில் தம்பி இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சுற்றுலா பவளத்தை அழிக்கிறது, அதில் போய்ச் சேர்வதா என்ற கேள்வியும் கூடவே வரும். 2010இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது ரெடாங், தியோமான் பகுதிகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசே மூட வேண்டியிருந்தது. ஆனால் தினமும் அதே பாறையைப் பார்க்கிறவர்தான் வெளுப்பை முதலில் காண்கிறார். ரீஃப் செக் மலேசியா ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பு, மீனையும் பவளத்தையும் அடையாளம் தெரிந்த முக்குளிப்பாளர்கள் இல்லாமல் நடக்காது.

சம்பளத்துக்கு ஒரு பதில் இந்தக் கலங்கல் நீரிலேயே கிடக்கிறது என்று நினைக்கிறேன். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்துக்கும், 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலத்துக்கும் தூண்கள் நீருக்கடியில்தான் நிற்கின்றன. பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்கு வரும் கப்பல்களின் அடிவயிற்றில் சிப்பியும் பாசியும் பிடிக்கின்றன. 2019 ஜனவரியில் முதல் பாலத்திலிருந்து ஒரு கார் கடலில் விழுந்தபோது, பார்வை எட்டாத இந்த நீரில்தான் மீட்புப் படையினர் இறங்கித் தேடினார்கள். இத்தகைய வணிக முக்குளிப்புக்குத் தனிப் பயிற்சி வேண்டும்: மேலிருந்து வரும் காற்றுக்குழாய், தலைக்கவசம், கயிற்று இழுப்பில் சைகை. விளக்கை ஏற்றினால் வண்டல்தான் மின்னும், எனவே வெடிப்பை விரலால் தேட வேண்டும். சுற்றுலாக் கடையைவிட இங்கே கூலி நன்றாகக் கிடைக்கும், வேலையும் பருவத்துக்குக் கட்டுப்படாது. மூக்கா ஹெட்டில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையமும் முதல் பாலத்தருகே நடுத்திட்டின் கடற்புல்லும் இன்னொரு வகை வேலைக்கு இடம் தருகின்றன. பதினெட்டு வயதில் பாயார் தீவில் மூச்சைப் பழக்கிய பட்டர்வொர்த் பையன், முப்பதில் வீட்டுக்கு எதிரே உள்ள தண்ணீரிலேயே பாலத்தூணைத் தடவிச் சம்பாதிக்கலாம்.