எம்ப்டி ரெய்டுக்கு ஒரு வக்காலத்து

புரோ கபடியின் எட்டாவது சீசனைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் நம் பக்கத்து ரசிகர்கள் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: ஓட்டலுக்குள் ஆடினார்கள், ஆளில்லாமல் ஆடினார்கள், அதனால் சவசவவென்று ஆடினார்கள். 2021 டிசம்பர் 22 முதல் 2022 பிப்ரவரி 25 வரை, பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஷெரட்டன் கிராண்ட் ஓட்டலில் பன்னிரண்டு அணிகளையும் தங்கவைத்து, அங்கேயே மேட் விரித்து, பிளேஆஃப் உட்பட 137 ஆட்டங்களையும் ரசிகர் இல்லாமல் நடத்தி முடித்த சீசன் அது. சவசவ என்பதற்குச் சாட்சியாக எல்லோரும் கொண்டுவந்து நிறுத்துவது ஒரு வகை ரெய்டரை. பெயர் வேண்டாம், அணியும் வேண்டாம். தொடர்ந்து பார்த்தவர்களுக்கு ஆளைத் தெரியும். பாக் லைனைக் கடப்பார். வலது கார்னர் பக்கம் இரண்டு எட்டு, இடது பக்கம் இரண்டு எட்டு, கையை நீட்டுவதுபோல் ஒரு பாவனை, 28வது விநாடியில் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவார். எம்ப்டி ரெய்டு. அடுத்த முறையும் அதே. பாடப் போனாரா, காற்று வாங்கப் போனாரா என்ற கேலி அவர் பின்னாலேயே வந்தது. என் கட்சி வேறு. அந்த சீசனையும் அதன் புள்ளிப் பட்டியலையும் மற்ற எவரையும்விடச் சரியாகப் படித்தவர் அவர்தான்.

விதி உங்களுக்குத் தெரியும். தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு வந்தால் மூன்றாவது டூ ஆர் டை. புள்ளி எடுக்காவிட்டால் பாடப் போனவர் வெளியே. பலரும் அந்த மூன்றாவது ரெய்டைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். முடிவு எடுக்கப்படுவதோ இரண்டாவது ரெய்டில். முதன்மை ரெய்டர் அவுட்டாகி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், மேட்டில் நான்கு பேர், எதிரே ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர் நிற்பதால் போனஸ் கோடு திறந்திருக்கிறது. ஆசை காட்டும் கோடு அது. காலை நீட்டினால் ஒரு புள்ளி. ஆனால் போனஸ் புள்ளிக்கு ஆள் திரும்பி வருவதில்லை. பெஞ்சில் இருப்பவர் பெஞ்சிலேயே இருப்பார். நீட்டிய கால் கார்னரிடம் மாட்டினாலோ மேட்டில் மூன்று பேர், அதன்பிறகு ஆல் அவுட் வெகு தூரமில்லை. நம் ஆள் காலை நீட்டவில்லை. அவர் எதிரணியின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்களும் எம்ப்டி போட்டிருக்கிறார்கள், இரண்டு சேர்ந்துவிட்டால் மூன்றாவதுக்கு வந்தாக வேண்டும். அவர்களுடைய மூன்றாவது நம்முடைய மூன்றாவதுக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பதே கணக்கு. முன்னால் வந்தால், வந்தே தீர வேண்டிய ஒரு ரெய்டரை நான்கு பேர் சங்கிலி போட்டுக் காத்திருந்து பிடிக்கலாம். ஒரு புள்ளி கிடைக்கும், கூடவே முதன்மை ரெய்டரும் உள்ளே வரலாம். மூன்று பேராகவே சுருங்கியிருந்தாலும் பிடி விழுந்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. அந்தக் கணக்கு ஒத்துவரும்போது இரண்டாவது ரெய்டில் வெறுங்கையோடு திரும்புவதுதான் அந்த நிமிடத்தின் ஆகத் துணிச்சலான ஆட்டம். கேமராவுக்கு அது தெரியாது. ஸ்கோர் போர்டு அதைச் சைபர் என்று மட்டும் காட்டும்.

அன்றைய புள்ளி முறையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வென்றால் 5, டை ஆனால் ஆளுக்கு 3, ஏழு அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் 1. லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் 22 ஆட்டம். கடைசி மூன்று நிமிடத்தில் ஆறு பின்தங்கியிருக்கும் அணி விரட்டிப் போய் பத்துப் பன்னிரண்டில் தோற்பது வீரமாகத் தெரியும், பட்டியலில் அதற்கு மதிப்பு சைபர். ஆறிலேயே நிறுத்திக்கொண்டு தோற்றால் ஒன்று உண்டு. பார்ப்பதற்குக் கோழைத்தனம்போல இருந்த பல கடைசி நிமிட எம்ப்டிகள் அந்த ஒன்றுக்காகவும், டை நிலையில் இருந்தால் அந்த மூன்றுக்காகவும் போடப்பட்டவை. நம் மாநிலத்து அணியின் டை ஆட்டங்களைக் கேலி செய்தவர்கள், ஆளுக்கு மூன்று என்பதை மறந்துவிட்டு ஒரு வெற்றி போச்சே என்றுதான் புலம்பினார்கள். கையிலிருந்த ஆட்டத்தைத் தோற்றிருந்தால் போயிருக்கக்கூடிய மூன்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சார்பாகத்தான் பேசுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் சார்பை எடுத்துவிட்டாலும் கூட்டல் மாறாது.

இது எந்த சீசனுக்கும் பொருந்துமே, பெங்களூருக்கு மட்டும் என்ன தனி என்று கேட்கலாம். சரியான கேள்வி. முந்தைய சீசன்களில் லீக் ஊர் ஊராகப் போனது. ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் அணிக்குத் தொடர்ச்சியாகச் சில ஆட்டங்கள், முழு அரங்கம், மேளம். சொந்த ஊர் லெக்கில் உள்ளூர் அணிகள் அடுத்தடுத்துத் தோற்பது கபடி ரசிகர்களுக்குப் பழகிப்போன காட்சி. அதற்குக் காரணமாகப் பயணக் களைப்பைச் சொன்னார்கள், பதற்றத்தைச் சொன்னார்கள், ராசியைக்கூடச் சொன்னார்கள். நான் சொல்வது எளிமையானது: முழு அரங்கம் பார்க்கும்போது இரண்டாவது ரெய்டில் வெறுங்கையோடு திரும்ப யாருக்கும் மனம் வருவதில்லை. நாலாயிரம் பேர் ஒரே குரலில் ‘ஏறு, ஏறு’ என்று கத்தும்போது கணக்குப் போடுவது சுலபமில்லை. கால் தானாகவே போனஸ் கோட்டுக்குப் போய்விடும். பெங்களூரில் அந்தக் குரல் இல்லை. கணக்கை அதன் போக்கில் முடிக்க ரெய்டருக்கு முதல்முறையாக இடம் கிடைத்தது. இன்னொன்று உடம்பு. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் 22 ஆட்டம், தனிமைப்படுத்தல் விதியால் வெளியிலிருந்து மாற்று ஆளை உடனே அழைத்துவர முடியாத நிலை. முழங்கால் போனால் போனதுதான். அப்படியொரு அடைப்பில் ஒவ்வொரு ரெய்டையும் தீபாவளி வெடிபோல வெடிப்பவர் ஜனவரி பாதியிலேயே நொண்டத் தொடங்குவார். தன்னைச் சேமித்து வைத்துக்கொண்டவர் பிப்ரவரியிலும் பாடுவார்.

நம் புதுக்கோட்டைக்காரர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் எனக்கு வியப்பு. ஒரே களத்தில் முதல் ஆட்டம் முதல் இறுதி ஆட்டம் வரை நடத்தி முடிப்பது நமக்குப் புதிதா? நம் ஊர்த் திருவிழாக் கபடி அத்தனையும் அப்படித்தான். மின்விளக்குக் கட்டிய ஒரு மண் களம், சுற்றுவட்டாரத்திலிருந்து வந்து இறங்கும் அணிகள், விடிய விடிய ஆட்டம், விடிகாலையில் சுழற்கோப்பை. ஒரே இரவில் நான்கைந்து ஆட்டம் ஆட வேண்டிய அணி முதல் ஆட்டத்திலேயே தன் நல்ல ரெய்டரை உருக்கிவிடாது. பந்தயம் தெரிந்த எந்த மூத்த ஆட்டக்காரரும் அதை அனுமதிக்க மாட்டார். அங்கே அதை அனுபவம் என்கிறோம், பெங்களூரில் நடந்தால் சவசவ என்கிறோம். ஊர்க் களத்தில் கூட்டம் இருக்கிறதே என்றால், சரி, கூட்டமில்லாததற்கும் நம் மாவட்டத்திலேயே கணக்கு இருக்கிறது. அதே 2022 ஜனவரியில் தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடந்தபோது, வீரர்கள் 300 பேருக்கு மேல் கூடாது, பார்வையாளர்கள் 150 பேர் அல்லது இருக்கையில் பாதி, எது குறைவோ அது, எல்லோருக்கும் இரண்டு தவணை தடுப்பூசியும் தொற்றில்லாச் சான்றும் வேண்டும் என்று அரசு வரம்பு வைத்திருந்தது. அந்த வாடிவாசலில் பிடிபட்ட மாட்டை யாராவது பாதி பிடிபட்ட மாடு என்று சொன்னார்களா?

உலகத்தில் மற்ற இடங்களில் நடந்ததையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 2020இல் வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக் தன் பிளேஆஃப் அணிகளை கனடாவின் டொராண்டோ, எட்மன்டன் என்ற இரண்டு நகரங்களுக்குள் அடைத்து, ஸ்டான்லி கோப்பை இறுதி ஆட்டங்கள் முழுவதையும் எட்மன்டனின் ஒரே காலி அரங்கில் ஆடி முடித்தது. அடைப்புக்குள் ஒருவருக்கும் தொற்று இல்லை என்று அறிவித்தது. கோவாவில் மூன்று மைதானங்களுக்குள் ஐஎஸ்எல் கால்பந்தும், 2021இல் சேப்பாக்கத்துக்குள் மட்டும் டிஎன்பிஎல்லும் முடிந்தன. ஊர் மாறி ஊர் போன ஐபிஎல்தான் அதே 2021 மே மாதத்தில் பாதியில் நின்று, பிறகு அமீரகத்துக்குப் போனது. பெங்களூர் அடைப்பும் ஓட்டையே இல்லாதது அல்ல. ஜனவரி கடைசியில் தொற்று நுழைந்து, இரண்டு அணிகளால் 12 பேரைக்கூடத் திரட்ட முடியாமல், அட்டவணையையே மாற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் தொடர் நிற்கவில்லை. பனி ஹாக்கிக் கோப்பையை அடைப்புக் கோப்பை என்று அங்கே யாரும் தள்ளி வைத்துவிடவும் இல்லை.

எதிர்வாதங்களில் ஒன்று எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. கபடி டிவிக்காக ஆடப்படுகிறது, எம்ப்டி ரெய்டைப் பார்க்க யார் உட்காருவார்கள் என்பது அது. டூ ஆர் டை விதி வந்ததே இந்த அலுப்பைக் குறைக்கத்தான் என்பதும் உண்மை. ஆனால் விதியின் விளைவைக் கவனியுங்கள். அது எம்ப்டி ரெய்டைத் தடை செய்யவில்லை, அதற்கு ஒரு விலை வைத்தது. விலை வைத்த பொருளை வாங்குகிறவர் குற்றவாளி ஆகமாட்டார். 40 நிமிடத்தில், ஒவ்வொரு ரெய்டும் முழு 30 விநாடி எடுத்தால், மொத்தம் 80 ரெய்டு, அணிக்கு 40. அதில் மூன்றில் இரண்டைக் காத்திருப்புக்குச் செலவிட்டாலும் 13 முறை வாழ்வா சாவா என்று மேட் கொதிக்கும். எந்தத் தொடர் நாடகத்தில் 13 உச்சக்கட்டம் இருக்கிறது? இன்னொரு எதிர்வாதம், கோப்பை வென்றவர்கள் எல்லாம் சூப்பர் டென் எடுக்கும் பெரிய ரெய்டர்களால் வென்றார்கள் என்பது. அந்தப் பத்தை எடுக்க அந்தப் பெரியவர் மேட்டில் இருந்திருக்க வேண்டும். அவரை மீண்டும் மேட்டுக்குக் கொண்டுவந்த பிடி எப்படி விழுந்தது, அந்தப் பிடிக்கு எதிரணியை நிர்ப்பந்தித்தது யாருடைய இரண்டு வெற்று ரெய்டு என்று ரீப்ளேயைப் பின்னோக்கி ஓட்டினால் மறுபடியும் நம் ஆள் முகம்தான் தெரியும். சூப்பர் டென் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

பிளேஆஃபில் என்ன நடந்தது என்பதைத்தான் பலரும் தவறாக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆறு அணிகள், பிப்ரவரி 21இல் எலிமினேட்டர், 23இல் அரையிறுதி, 25இல் இறுதி. தோற்றவருக்கு ஒரு புள்ளி என்ற ஆறுதல் இல்லை, டை என்ற ஒதுங்கிடம் இல்லை. அப்படியானால் எம்ப்டி ரெய்டுகளும் மறைந்திருக்க வேண்டுமே? மறையவில்லை, இடம் மாறின. பின்தங்கிய அணியின் கடைசி நிமிட எம்ப்டி செத்துப்போனது, முன்னிலையில் இருந்த அணியின் எம்ப்டிக்கு மதிப்பு ஏறியது. மூன்று புள்ளி முன்னிலை, நான்கு நிமிடம் மீதி என்றால், முன்னிலை அணியின் ரெய்டர் இரண்டு முறை முழு நேரத்தையும் தின்றுவிட்டுத் திரும்பலாம். மூன்றாவதில் பிடிபட்டாலும் போவது ஒரு புள்ளி. எதிரணி பத்து விநாடிக்குள் பாடி முடித்து விரட்டும், அந்த அவசரத்திலேயே கார்னரிடம் கணுக்காலைக் கொடுக்கும். ஆறுதல் புள்ளிக்காகக் காத்திருந்ததும் கோப்பைக்காகக் காத்திருந்ததும் தொலைக்காட்சியில் ஒன்றுபோலவே இருந்ததால், வேறுபாடு பிடிபடாமல் போயிற்று.

இனி வரப்போவதைச் சொல்கிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொற்று போன பிறகும் லீக் பழையபடி தொடர்ந்து ஊர் சுற்றவில்லை. பத்தாவது சீசனில் மட்டும் 12 ஊர்களுக்குப் போனது, பதினோராவதில் ஹைதராபாத், நொய்டா, புனே என்று மூன்றாகச் சுருங்கியது. பன்னிரண்டாவதில் சென்னையோடு சேர்த்து நான்கு. இந்த எண்ணிக்கை பெரிதாக உயராது என்பது என் கணிப்பு. பிளேஆஃப் ஒரே ஊரில்தான் நடக்கும், அதற்குக் காரணமாக இனி யாரும் தொற்றைச் சொல்ல வேண்டியதில்லை, செலவு ஒன்றே போதும். பன்னிரண்டாவது சீசனிலிருந்து புள்ளி முறையையும் மாற்றிவிட்டார்கள்: வென்றால் 2, தோற்றால் ஒன்றுமில்லை, டை ஆனால் டைபிரேக்கர். இதனால் எம்ப்டி ரெய்டு ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். லீக் ஆட்டம் ஒவ்வொன்றும் இப்போது பிளேஆஃப் ஆட்டத்தின் கணக்கில்தான் ஓடும். தோற்கிற அணி காத்திருக்காது, வெல்கிற அணி முன்னைவிட அதிகமாகக் காத்திருக்கும். ஏலத்தில் மூன்றாவது ரெய்டுக்கென்றே ஒரு ஆளையும், அவரைவிட முன்னதாக ஒரு நல்ல இடது கார்னரையும் தேடும் பயிற்சியாளர்கள் பிளேஆஃபுக்கு வருவார்கள். பெரிய ரெய்டருக்கே பணப்பையைக் காலி செய்யும் அணி, அவர் பெஞ்சில் உட்காரும் நேரத்தில் ஆல் அவுட் ஆகும். அடுத்த முறை லீக் சென்னைக்கு வரும்போது, கடைசி ஐந்து நிமிடத்தில் நம் அணி இரண்டு புள்ளி முன்னால் நிற்க, ரெய்டர் வெறுங்கையோடு திரும்புவார், அரங்கம் ஊளையிடும். அதற்கு அடுத்த ரெய்டிலும் அவர் வெறுங்கையோடுதான் திரும்புவார் என்று பந்தயம் கட்டத் தயார். மூன்றாவதுக்குப் போகிறவர் வேறொருவராக இருப்பார், நம் பெரிய ரெய்டர் மேட்டின் ஓரத்தில் பத்திரமாக நிற்பார்.