மேசை மேல் ஒரே ஓர் ஆவணம்

தரவுத்தளத்தில் ஒரு கட்டுரையைத் தேடி எடுக்கவே தெரியாத முதலாண்டு மாணவரிடம் பழைய கையெழுத்துத் தாளைக் கொடுத்து என்ன பயன்? நூலகப் பயிற்சி நடத்துவோர் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

நியூயார்க்கின் புரூக்லின் வரலாற்றுக் கழகம் 2011இல் தொடங்கி இதை ஒரு திட்டமாகச் செய்து பார்த்தது. அமெரிக்கக் கல்வித்துறையின் நிதியோடு, அருகிலிருந்த மூன்று கல்லூரிகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தன் ஆவணக்காப்பகத்துக்கு வரவழைத்தது. மேசை நிறைய அரும்பொருள்களைப் பரப்பி, காப்பாளர் பேச, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும் பழைய வழக்கத்தை அத்திட்டம் கைவிட்டது. சில ஆவணங்கள், சிறு குழுக்கள், எழுதி விடை தரவேண்டிய கேள்விகள்: அவ்வளவுதான் ஏற்பாடு. என் மதிப்பில், அதன் பெரிய சாதனை இந்தச் சிக்கனமே.

ஏன் என்று சொல்கிறேன். புரூக்லின் அடங்கிய கிங்ஸ் கவுண்டியின் 1790 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 4,495 பேர். அவர்களில் 1,432 பேர் அடிமைகள். ஏட்டில் குடும்பத் தலைவருக்கு மட்டுமே பெயர் உண்டு. மற்றவர்கள் கட்டங்களுக்குள் எண்கள். கடைசிக் கட்டம் அடிமைகளுக்கு. இந்தத் தாளை ஒரு மணி நேரம் உற்றுப் பார்க்கும் மாணவருக்கு, பெயர் இல்லாதவர்களை எதற்காக எண்ணினார்கள் என்ற கேள்வி வராமல் போகாது. விடை அரசியலமைப்பில் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவை இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிட அடிமை ஒருவர் ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிடப்பட்டார். ஆவணம் என்பது ஒருவர் ஒரு தேவைக்காக எழுதி வைத்தது என்ற அறிவு இங்கே கைக்கு எட்டுகிறது. தேடுபெட்டியில் சொல்லைத் தட்டும் பயிற்சி இதைத் தராது.

ஆனால் இம்முறையின் ஆதரவாளர்கள் காட்டும் சான்று அவர்கள் நினைக்கும் அளவு வலுவானதல்ல. பங்கேற்ற மாணவர்கள் சக மாணவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள் என்று புரூக்லின் திட்டம் சொன்னது. இப்படிப்பட்ட திட்டத்தில் சேர்பவர்கள் பெரும்பாலும் ஆர்வமுள்ள ஆசிரியர்கள். அவர்கள் வகுப்பு காப்பகத்துக்குப் போகாமலும் நன்றாகவே நடந்திருக்கலாம். மேலும், பழைய காகிதத்தைத் தொட்ட பரவசத்தைக் கற்றலாக எண்ணிக்கொள்வது எளிது. இரண்டு வாரம் கழித்து அதே மாணவர் ஒரு செய்திக் கட்டுரையைப் படிக்கும்போது, இதை யார், எதற்காக எழுதினார், யாரை விட்டுவிட்டார் என்று கேட்கிறாரா? அதுதான் உண்மையான சோதனை. அமெரிக்க ஆவணக்காப்பாளர்களும் கல்லூரி நூலகர்களும் சேர்ந்து 2018இல் ஏற்ற வழிகாட்டி, ஆவணங்களின் மௌனத்தை, அதாவது அவை சொல்லாமல் விட்டதை, உணர்வதையும் மாணவர் அடையவேண்டிய திறனாக வைக்கிறது. ஐம்பது நிமிட ஒற்றை வகுப்பில் அது கைகூடும் என்று நான் நம்பவில்லை.

இருந்தாலும் முதலாண்டிலேயே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும், சில நிபந்தனைகளோடு. குறைந்தது இரண்டு வருகை, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஓர் ஆவணம், பாட ஆசிரியரும் காப்பாளரும் சேர்ந்து முன்கூட்டியே எழுதிய கேள்விகள். இதற்கு நேரம் ஒதுக்க இயலாத கல்லூரி, மாணவரைக் காப்பகத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போக வேண்டாம். தேடும் பயிற்சியை ஒழுங்காக நடத்தினால் போதும்.