இன்ஜினைப் பார்த்து வாங்கி, சேஸில் சிக்குவது

சென்னைப் பாடியில் லோடு வண்டி வாங்க நினைப்பவர்களில் பலர் ஷோரூமைவிடப் பழைய வண்டி புரோக்கரைத்தான் முதலில் தேடுகிறார்கள். கையில் காசு இல்லாததால் மட்டும் அல்ல. இந்த ஊர் பழைய வண்டியைச் சாகவிடாது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ்., சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று 1960களின் தொடக்கத்தில் அடுத்தடுத்து இங்கே ஆலைகள் எழும்பின. 1964-இல் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அவற்றைச் சுற்றி வளர்ந்த லேத் பட்டறைகளில் தேய்ந்த டிரம்மைக் கடைந்து வாங்கலாம், பழுதான ஸ்டார்ட்டருக்கு காயில் கட்டி வாங்கலாம். அங்கே கிடைக்காத பாகம் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும்.

வண்டியும் அதற்கேற்றதாக இருந்தது. 2005 மே மாதம் வந்த டாடா ஏஸில் 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். சுமை முக்கால் டன். சீட்டைத் தூக்கினால் இன்ஜின் கண்முன். குட்டி யானை என்று பெயர் வாங்கிய அந்த வண்டியைத் தெருமுனை மெக்கானிக் ஸ்பானரோடு பிரித்துப் பூட்டிவிடுவார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகை விதி வந்தபின் நிலைமை வேறு. சென்சார் விளக்கு எரிந்தால், ஸ்கேனர் மாட்டிப் பார்க்காமல் கை வைக்க முடிவதில்லை. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வாடகை போகும் தொழிலில், பக்கத்துத் தெருவிலேயே பழுது பார்க்க முடிவது பெரிய பலம்தான்.

ஆனால் எல்லாப் பழைய வண்டிக்கும் இந்தப் பலம் இல்லை. 1980களில் டாடா 407-க்குப் போட்டியாக டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்டா, ஐச்சர் மிட்சுபிஷி என நான்கு ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்புகள் களத்தில் நின்றன. முதல் இரண்டும் பெயரோடு சேர்ந்தே மறைந்தன. அவை மட்டமான வண்டிகள் அல்ல. விற்றவர் கடையைக் கட்டியதும் பாகத்துக்கு நாயாய் அலைய வேண்டியதாயிற்று. எண்ணிக்கையில் அதிகம் ஓடுகிற வண்டியைப் பார்த்து வாங்குவதுதான் பிழைக்கும் வழி. ரசனைக்கு இதில் இடமில்லை.

வாங்குகிறவர் பெரும்பாலும் ஏமாறுவது இன்ஜினில் அல்ல. புகையைப் பார்க்கிறார், சத்தத்தைக் கேட்கிறார், ஆயில் மூடியைத் திறந்து காற்று தள்ளுகிறதா என்று கை வைத்துப் பார்க்கிறார். இன்ஜின் போனாலும் போர் அடித்து மீட்கலாம். துருப்பிடித்த சேஸ் அப்படி இல்லை. தண்ணீர் கேனும் மீன் பெட்டியும் ஏற்றிய வண்டியின் தளத்துக்கு அடியில் படுத்து, ஸ்பிரிங் பட்டையின் பிராக்கெட் சேஸில் சேரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்க வேண்டும். டங்கென்று கேட்டால் நல்லது. பொத்தென்று செதில் உதிர்ந்தால், மேலே பூசிய புதுக் கறுப்புப் பெயின்ட் எதற்கென்று புரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. அதில் மூழ்கிய வண்டியை வாட்டர்வாஷ் காட்டிக்கொடுக்காது. டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் கனெக்டரைப் பிடுங்கினால் பச்சை பூத்திருக்கும்.

அடுத்த ஏமாற்றம் பணக் கணக்கில். டிங்கரிங், பட்டி, பெயின்ட், புது சீட் கவர் என்று புதுப்பிக்கிறவர், அந்தச் செலவு விற்கும்போது திரும்பும் என்று நம்புகிறார். சந்தை முதலில் பார்ப்பது ஆர்.சி. புக்கில் உள்ள வருடத்தை. காப்பீட்டு மதிப்பும் அந்த வருடத்தை ஒட்டியே இறங்குகிறது. ஆகவே போட்ட பணத்தை ஓட்டித்தான் எடுக்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், சேஸ், டயர் – இந்த நான்குக்கு மேல் செலவு போனால் அது ஆசைக்குச் செய்வது. நன்றாகச் சீர்செய்த பிரேக்கும் பழைய வண்டியை அதன் பிறந்த வருடத் தரத்துக்குத்தான் கொண்டுபோகும். அதில் ஏ.பி.எஸ். வந்துவிடாது, புகையும் பி.எஸ்.-6 அளவுக்குக் குறையாது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் பாடி வழியே போகும் சி.டி.எச். ரோட்டில் பேருந்துக்கு நிற்பவர்கள். லாபக் கணக்கில் அவர்கள் வருவதே இல்லை.

கடனும் காகிதமும் தனி. 1979-இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் தயங்கிய பழைய லாரிகளுக்குக் கடன் தந்தே வளர்ந்தது. ஓட்டுநர்கள் பலர் முதலாளியானது அப்படித்தான். இருந்தாலும் பழைய வண்டிக் கடனுக்குப் பொதுவாக வட்டி கூடுதல், தவணைக்காலம் குறைவு. எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். பழைய வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. 15 வருடத்தைக் கடந்த வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு. முந்தைய உரிமையாளரின் கடன் ஆர்.சி.யில் ரத்தாகாமல் இருந்தால், பெயர் மாற்றம் அம்பத்தூர் ஆர்.டி.ஓ. வாசலிலேயே நின்றுவிடும்.

விடியற்காலையில் கோயம்பேட்டுக்குப் போய்க் காய்கறி ஏற்றி, பத்து மணிக்குக் கொரட்டூர் கடையில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்துகிற வியாபாரிக்குப் பழைய வண்டி லாபம். ஓட்டம் குறைவு, மதியம் முழுக்கப் பட்டறைக்கு நேரம் இருக்கிறது. ஆனால் தொழிற்பேட்டைக் கம்பெனியின் உதிரிபாகத்தை நேரம் தவறாமல் ஸ்ரீபெரும்புதூரில் சேர்க்க ஒப்பந்தம் போட்டவர் அதே வண்டியை வாங்கினால், வழியில் நிற்கிற ஒவ்வொரு தடவையும் மாற்று வண்டியின் வாடகையை அவர்தான் கட்ட வேண்டும்.