பெயர் தெரியாத ரெஜிஸ்டர்

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஃபயர்வாலில்தான் தொடங்கும். யார் வீட்டுக் கதவில் எத்தனை பூட்டு என்று எண்ணிப் பார்த்துக்கொள்கிற பேச்சு. காபி ஆறும்வரை நானும் அதில் கலந்துகொள்வேன். ஆனால் ஒருவர் தன் பெட்டியைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டால் நான் கேட்பது வேறு. "டி-மெசேஜ் எடுத்துக் காட்டுங்க" என்பேன். பெட்டி விழித்தெழும்போது கர்னல் ஒவ்வொரு உறுப்பையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் சொன்னது எது, சொல்லாதது எது என்று குறித்துவைக்கிற அந்த வரிகளில்தான் எனக்கு ருசி. நெட்வொர்க் கார்டு வருகிற வரியில் நின்றுவிடுவேன். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் முதலில் மிதிக்கிற படி அது. படியைக் கட்டியது யார் என்று தெரியாதவர்கள்தான் பூட்டைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

என் முதல் வீட்டு சர்வர் ஒரு அத்லான் 64. போர்டில் என்ஃபோர்ஸ் 4 சிப்செட், அதனுள்ளேயே ஈதர்நெட். என்விடியா அந்த ஈதர்நெட்டுக்கு ஆவணம் எதுவும் தரவில்லை. லினக்ஸ்காரர்கள் துருவித் துருவிப் பார்த்து ஃபோர்ஸ்டெத் என்று ஒரு டிரைவரை எழுதிக்கொண்டார்கள். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் என்விஈ என்ற டிரைவர் இருந்தது. அதன் வயிற்றுக்குள் நிறுவனம் கொடுத்த பைனரி ஒன்று உட்கார்ந்திருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. அதே குடும்பத்து இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியில் ஜொனதன் கிரேயும் டேமியன் பெர்காமினியும் உட்கார்ந்து என்எஃப்ஈ எழுதினார்கள். 2006 மே மாதம் வந்த 3.9 வெளியீட்டில் அது இருந்தது. பைனரி வைத்திருந்த ஃப்ரீபிஎஸ்டிக்காரர்களே பின்னால் இதை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கோட் ஒரு மதிய நேரத்தில் படித்து முடிக்கிற நீளம்தான். நான் அதைப் பல மதியங்கள் படித்திருக்கிறேன். இந்த சிப்பின் சில வகைகளில் கார்டின் மேக் முகவரி ரெஜிஸ்டருக்குள் தலைகீழாக இருக்கும், வேறு சில வகைகளில் நேராக இருக்கும். பெர்காமினி அதற்காகக் கத்தவில்லை. 'முகவரி சரியாக இருக்கிறது' என்று ஒரு கொடி. கொடி இருந்தால் நேராகப் படி, இல்லையென்றால் திருப்பிப் படி. பத்துப் பன்னிரண்டு வரியில் காரியம் முடிந்தது. என் மனசைப் பறித்தது இன்னொரு இடம். கார்டைத் தட்டி எழுப்பும்போது ஒரு ரெஜிஸ்டரில் பூஜ்யம் எழுத வேண்டும். அந்த ரெஜிஸ்டர் என்ன செய்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது, சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. இன்னொருவர் கையில் இது கிடைத்திருந்தால் ஏதாவது கௌரவமான பெயர் வைத்து அறியாமையை மூடியிருப்பார். இங்கே அதன் பெயரிலேயே 'டிஎக்ஸ்' என்பதற்குப் பின்னால் 'அன்க்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்நோன் என்பதன் சுருக்கம். அனுப்பும் பக்கத்தைச் சேர்ந்தது, மற்றபடி தெரியாது. தெரிந்த அளவுக்குப் பெயர், தெரியாத இடத்தில் தெரியாது என்றே பெயர். பைனரிக்குள்ளும் இதே பூஜ்யம் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அங்கே தெரியாதது எது என்பதுகூட நமக்குத் தெரியாது.

பெர்காமினி ஒரு பிரெஞ்சுக்காரர். ரால், ரம், ஐடபிள்யூஎன், அத்என் என்று அவர் எழுதிய வயர்லெஸ் டிரைவர்களின் பட்டியல் நீளம். மேடையேறிப் பேசியவராக நான் அவரை நினைவு வைத்திருக்கவில்லை. அவருடைய கோடும் அப்படித்தான், கச்சேரியில் தம்புரா மாதிரி பின்னால் இருக்கும்.

இந்த இடத்தில் பில் பால் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நியாயமான சண்டை. 1990களின் கடைசியில் ஃப்ரீபிஎஸ்டிக்கு ஈதர்நெட் டிரைவர்களை வரிசையாக எழுதித் தள்ளியவர் அவர். ரியல்டெக் 8139 டிரைவரின் தலையில் அவர் எழுதிவைத்த குறிப்பு எங்கள் வட்டத்தில் மனப்பாடம்: மலிவு என்ற சொல்லுக்கே இந்த சிப் புது அர்த்தம் கொடுத்துவிட்டது என்ற தொனியில் ஒரு திட்டு. அனுப்புகிற பஃபர் நாலு பைட் எல்லையில் நிற்க வேண்டும், வருகிற பாக்கெட்டெல்லாம் ஒரே வளையத்தில் குவியும், ஒவ்வொன்றையும் பிரதி எடுத்துத்தான் மேலே அனுப்ப வேண்டும். கோபம் உண்மையானது. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அதே பில் பால்தான் பின்னாளில் விண்டோஸ் டிரைவரை அப்படியே தூக்கி ஃப்ரீபிஎஸ்டி கர்னலுக்குள் ஓடவிடுகிற வேலையையும் செய்தார். தீய திட்டம் என்று அவரே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார். வித்தை என்று பார்த்தால் அபாரம். வீட்டு வாசலில் வைக்க நான் ஒப்ப மாட்டேன். கர்னலுக்குள் நுழைந்த அந்நியக் கோடுக்கு மெமரி முழுக்கச் சொந்த வீடு. அதற்கு மேலே எத்தனை ஃபயர்வால் விதி எழுதினாலும், வீட்டுக்குள் படுத்திருப்பவனை வாசலில் நின்று தடுக்கிற கதைதான்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கார்டுக்குள் ஏற்றுகிற ஃபர்ம்வேரும் மூடிய கோடுதானே, அதை மட்டும் ஏன் ஏற்கிறாய் என்று கேட்கிற சுத்தபத்தக்காரர்கள். கால்கரியிலிருந்து ஓப்பன்பிஎஸ்டியை நடத்துகிற தியோ டி ராட்டின் கூட்டம் போட்ட எல்லைக்கோடு இது: ஃபர்ம்வேர் கார்டின் சொந்த ப்ராசஸரில் ஓடுகிறது, பைனரி டிரைவரோ நம் ப்ராசஸரில், நம் கர்னலுக்குள் ஓடுகிறது. முதலாவதை விநியோகிக்க அனுமதி கேட்டு வாங்கலாம், இரண்டாவதற்கு வீட்டில் இடமில்லை. கார்டே மெமரியைத் தொடுகிற காலத்தில் இந்தக் கோடு கொஞ்சம் வளைந்துதான் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோடு போடாதவர்களைவிட வளைந்த கோடு போட்டவர்களே எனக்கு நெருக்கம்.

வெளியீட்டோடு ஒரு பாட்டும் போடுவது ஓப்பன்பிஎஸ்டியின் வழக்கமாக இருந்தது. 2005-ல் வந்த 3.7 வெளியீட்டின் பாட்டே வயர்லெஸ் கார்டுகளுக்கு ஆவணம் கேட்ட விவகாரம்தான். தைவான் நிறுவனங்களிடம் ஆவணம் கேட்டால் கொடுத்தார்கள். ரால் டிரைவர் அப்படி வந்த பிள்ளை. அமெரிக்கப் பெரிய நிறுவனங்கள் கையை விரித்தன. 3.9-ன் பாட்டு பைனரி பூதத்தைப் பற்றியது. சிடி வாங்கினால் உறை, ஸ்டிக்கர், பாட்டு எல்லாம் வரும். 2016-ல் 6.0-வோடு சிடி நின்றது. டவுன்லோடு செய்தால் போதுமே என்பார்கள். போதும்தான். உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த காலத்தில் 'ஆதரிக்கப்படும் கார்டுகள்' பட்டியலைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒவ்வொரு பெயராகப் படித்தோம். இப்போது யார் படிக்கிறார்கள்?

பூட்டைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்றில்லை. ஓப்பன்பிஎஸ்டியின் ஃபயர்வாலான பிஎஃப் என்றால் எனக்கும் நாக்கில் நீர் ஊறும். பழைய ஃபயர்வாலான ஐபிஃபில்டரின் உரிமத்தில் தகராறு வந்து அதைத் தூக்கி எறிந்ததும், டேனியல் ஹார்ட்மையர் 2001-ல் எழுதித் தந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் 3.0-வில் வெளிவந்தது. அவசரத்தில் பிறந்த குழந்தை என்று அதன் முகத்தில் எழுதவில்லை. என் பிஎஃப் கோப்பு மொத்தமே பதினெட்டு வரி. முதல் வரி எல்லாவற்றையும் மறு என்கிறது. பின்னால் வருபவை 80, 443 இரண்டையும், வயர்கார்டு விபிஎன்னின் ஒரு போர்ட்டையும் திறக்கின்றன. எஸ்எஸ்ஹெச் வெளியே தெரியவே தெரியாது. வயர்கார்டு வழியாக வீட்டுக்குள் வந்தவன்தான் அதைத் தட்ட முடியும். சாவி தெரியாதவன் வயர்கார்டைத் தட்டினால் பதிலே வராது. எஸ்எஸ்ஹெச் போர்ட்டை 2222-க்கு மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் நிம்மதியை நான் கெடுப்பதில்லை.

லினக்ஸின் ஐபிடேபிள்ஸில் வளர்ந்தவர்களுக்குப் பிஎஃப் பிடிபடாத இடம் ஒன்று உண்டு. அங்கே முதலில் பொருந்துகிற விதி செல்லும். இங்கே கடைசியாகப் பொருந்துகிற விதி. உயில் மாதிரி. தாத்தா எத்தனை உயில் எழுதியிருந்தாலும் கடைசி உயில்தான் செல்லுபடி. நம் ஊர்க்காரனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை என்றே நினைத்திருந்தேன், நானே ஒரு நாள் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு மறுக்கிற வரியைக் கோப்பின் அடியில் ஒட்டி ஏற்றும்வரை. விதிகள் மாறினாலும் ஏற்கெனவே இருக்கிற இணைப்பைப் பிஎஃப் அறுக்காது. அதனால் என் செஷன் தெம்பாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் சரி என்று நம்பி லாக்-அவுட் செய்தேன். அதன் பிறகு என் வீட்டுக்குள் நானே நுழைய முடியவில்லை. நல்லவேளையாகச் சோதனைக் கோப்பிலிருந்து ஏற்றியிருந்தேன், பெட்டியை அணைத்துப் போட்டால் பழைய கோப்பு வந்துவிடும். அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, பரண் மேல பச்சை லைட் எரியுதில்ல, அந்தச் சுவிட்ச ஒரு தடவ அணைச்சுப் போடும்மா." "பல்லி கெடக்குதுடா அங்க" என்றாள். பல்லியை விரட்டி, சுவிட்சைப் போட்டு, அரை மணி நேரத்தில் வீடு திறந்தது.

வெப் சர்வராக நான் வைத்திருப்பது ஓப்பன்பிஎஸ்டியின் சொந்த எச்டிடிபிடி. எழுதியவர் ரைக் ஃப்ளோட்டர். அதரோஸ் கார்டுகளுக்கு மூடிய துண்டு ஒன்று இல்லாமல் எதுவும் ஓடாது என்றிருந்த நாளில், அந்தத் துண்டுக்குத் திறந்த மாற்று எழுதியவரும் இவரே. படியைக் கட்டிய கைதான் திண்ணையையும் கட்டியிருக்கிறது. அதில் வசதிகள் குறைவு. வேண்டுமென்றே குறைவு. கேட்டதையெல்லாம் சேர்க்க மாட்டேன் என்று ரைக் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். வார் டபிள்யூடபிள்யூடபிள்யூ கோப்புறைக்கு வெளியே அதன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இன்னின்னது மட்டும்தான் செய்வேன் என்று பிளெட்ஜ் மூலம் கொடுத்த வாக்கை ஒரு ப்ராசஸ் மீறினால் கர்னல் அந்த இடத்திலேயே அதைக் கொன்றுவிடும். என்ஜின்எக்ஸ் வேகம் என்பார்கள். என் வீட்டுக்கு வருகிற கூட்டத்துக்கு வேகம் எதற்கு? மாதம் கூடுதலாகக் காசு கட்டி வாங்கிய ஸ்டாட்டிக் ஐபியில் மாமாவின் கோயில் படங்களும் என் குறிப்புகளும் இருக்கின்றன. வருகிறவர்களில் பாதி ஸ்கேனர்கள், வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடி வந்து 404 வாங்கிக்கொண்டு போகிறவர்கள்.

இயல்பான நிறுவலில் வெளியிலிருந்து நுழையும் ஓட்டை இத்தனை காலத்தில் இரண்டே இரண்டு என்று ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் மார்தட்டுவார்கள். ஒன்று 2002-ல் எஸ்எஸ்ஹெச்சில், இன்னொன்று 2007-ல் ஐபிவி6-ல். எல்லாக் கதவையும் சாத்தியே கொடுத்தால் ஓட்டை எப்படித் தெரியும் என்று கேலி செய்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நான் அந்தக் கணக்கை வைத்து யாரிடமும் வாதாடுவதில்லை.

என் வருத்தம் வேறு. என்எஃப்ஈயைச் சேர்ந்து எழுதிய ஜொனதன் கிரே பிறகு லினக்ஸின் கிராபிக்ஸ் கோடை ஓப்பன்பிஎஸ்டிக்குச் சுமந்து வந்து சேர்க்கிற வேலையைச் செய்தார். லட்சக்கணக்கான வரிகள். அதில் பெரும்பகுதி நிறுவனத்தின் கருவி உமிழ்ந்த ரெஜிஸ்டர் பட்டியல். மூடிய கோடு இல்லை, திறந்ததுதான். ஆனால் யாராலும் படிக்க முடியாத திறப்பு அது. வயர்லெஸிலும் இதே கதை. டிரைவர் இப்போது தபால்காரர். வேலை எல்லாம் கார்டுக்குள் இருக்கிற ஃபர்ம்வேர் செய்கிறது. டிரைவர் அதற்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்துப் பதில் வாங்கி வருகிறது. தெரியாத ரெஜிஸ்டரைத் தெரியாது என்று எழுத இடமே இல்லை, ரெஜிஸ்டரே கண்ணில் படுவதில்லை.

இன்று பரணில் இருப்பது ஒரு ஏபியூ2. சுவிஸ்காரர்கள் செய்த போர்டு. ஃபேன் கிடையாது, பத்துப் பன்னிரண்டு வாட்டுக்குள் அடங்கிவிடும், இன்டெல் நெட்வொர்க் சிப், பின்னால் ஒரு சீரியல் போர்ட். செய்துகொண்டிருந்த பிசி என்ஜின்ஸ் 2023-ல் இனிச் செய்வதில்லை என்று அறிவித்துவிட்டது. அதற்கு மாற்று தேடி, போன மாதம் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். உள்ளங்கையில் அடங்குகிற மினி பிசி ஒன்றைக் கடைத் தம்பி எடுத்து வைத்தான். இன்ஸ்டால் எல்லாம் வேண்டாம், இந்தப் பென் டிரைவில் ஒரு தடவை பூட் செய்து காட்டு என்றேன். நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின. ஓப்பன்பிஎஸ்டி கர்னல் அப்படித்தான் பேசும். தம்பி பதறிவிட்டான். "சார், ப்ளூ ஸ்கிரீன் வந்துருச்சு. இது டிஃபெக்ட் பீஸ் போல, வேற தர்றேன்" என்று சுவிட்சை நோக்கிக் கை நீட்டினான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இருப்பா. நெட்வொர்க் கார்டு இன்னும் வரல."