கைடு வேண்டுமா?

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்கக் கைடு வேண்டுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாமென்று தனியே சுற்றியவன்தான் நான். "கோபுர நிழல் தரையில் விழாது" என்று ஒரு கைடு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிழலில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன், சிரிப்பு வந்தது. சற்றுக் கழித்து அதே மனிதர் திருச்சுற்று மதிலருகே நின்று, ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயரும் தெருவும் வீடும் அங்கே கல்லில் வெட்டியிருப்பதைச் சொன்னார். அது மெய். 1010-இல் எழுந்த கோயிலின் அந்த மதிலை இருமுறை கடந்திருந்தேன். எழுத்தை வெறும் கீறலென்று நினைத்து. வெட்கமாயிருந்தது.

கைடும் ஓர் உரையாசிரியர்தான். மூலத்தை முதலில் நாமே படிக்க வேண்டும். பிறகு உரைகாரரைக் கூப்பிடலாம். வரிசை மாறினால், நிழலில் நின்றுகொண்டே நிழல் இல்லை என்போம்.