டோட்டோ சானின் அம்மா

டெட்சுகோ குரோயாநாகி 1981இல் எழுதிய ‘டோட்டோ சான்’ பற்றிப் பேசுகிறவர்கள் தலைமையாசிரியர் கோபயாஷியையே கொண்டாடுகிறார்கள். ரயில்பெட்டி வகுப்பறைகள், முதல் நாளே நான்கு மணி நேரம் ஒரு சிறுமியின் பேச்சைக் கேட்ட பொறுமை. கொண்டாட வேண்டியவர்தான். ஆனால், நான் அந்த அம்மாவைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடுகிறாள், ஜன்னலில் நின்று தெரு வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிறாள் என்று ஒன்றாம் வகுப்பிலேயே மகளை வெளியேற்றுகிறது முதல் பள்ளி. புகாரைக் கேட்டு நிற்பவள் அம்மா. பட்ட அவமானத்தை அவள் மகள்மீது இறக்கிவைக்கவில்லை. வேறு பள்ளி தேடுகிறாள். வெளியேற்றப்பட்ட செய்தியை மகளுக்கு இருபது வயதான பிறகே சொல்கிறாள். தான் நல்ல பெண் என்று கோபயாஷி திரும்பத் திரும்பச் சொன்னதை அந்தக் குழந்தை நம்ப முடிந்ததற்கு இந்த மௌனமும் ஒரு காரணம். அது வீட்டில் நடந்த வேலை என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

கோபயாஷியிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. சடையை இழுத்த பையனிடம், பெண்களிடம் அன்பாக நடந்துகொள்ள வேண்டும் என்கிறார். ஆண்பிள்ளைகளுக்கே எதிலும் முதலிடம் தந்த காலத்தில் அது பெரிய வார்த்தை. ஆனாலும், பெண் என்பதற்காகவா, வலிக்கும் என்பதற்காகவா?

நம் வகுப்புகளில் இன்றும் ‘நல்ல பொண்ணு’ என்றால் வாய் திறக்காதவள். திறந்தால், “அம்மாவைக் கூட்டிட்டு வா.” ஆசிரியராகப் போகும் தோழிகளே, வந்து நிற்கும் அந்த அம்மாவை முதலில் உட்காரச் சொல்லுங்கள்.